தன்னலம் இருக்கும்போதே ஒழுங்காகக் கொடுப்பது எப்படி

நான் ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் ஆறு வருஷம் கணக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் நடத்திய குழந்தைகள் விடுதியின் வராந்தாவில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று நின்றது. அதன் நெற்றியில் ஒரு பித்தளைத் தகடு, அதில் கொடுத்த நிறுவனத்தின் பெயர், திறந்துவைத்தவர் பெயர், தேதி. தகட்டை வாரம் ஒருமுறை துடைத்துவிடுவோம், எப்போது வேண்டுமானாலும் அவர்கள் வந்து பார்க்கலாம் என்பதால். உள்ளே இருக்கும் ஃபில்டரை மாற்றத்தான் பணம் கிடையாது. இயந்திரத்துக்கு மட்டும்தான் நன்கொடை, பராமரிப்பு உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. எட்டு மாதத்தில் தண்ணீர் நூல் மாதிரி வர ஆரம்பித்தது. ஒரு குவளை நிரம்புவதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். பிள்ளைகள் பழையபடி குழாயடிக்கே போய்விட்டார்கள்.

அந்த நிறுவனத்திலிருந்து எங்களோடு பேசியவர்கள் நல்ல மனிதர்கள். ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். ஆனாலும் ஃபில்டருக்குப் பணம் கேட்டபோது "அதுக்கு எங்க பட்ஜெட்ல இடமில்லைங்க" என்றுதான் பதில் வந்தது. ஃபில்டரில் பெயர் எழுத முடியாது, திறப்பு விழா நடத்த முடியாது, ஆண்டறிக்கையில் படம் போட முடியாது. கொடுப்பவருக்கு ஏதோ ஆதாயம் கிடைப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்ற முடிவை அந்த ஆதாயம் எடுக்க ஆரம்பித்தால் கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. கீழே சொல்வதெல்லாம் அதைத் தடுக்கிற வழிகள். மாதச் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்துவைப்பவருக்கும் பொருந்தும், பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்துபவருக்கும் பொருந்தும்.

உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, இந்த நன்கொடையால் எனக்கு என்னென்ன கிடைக்கும் என்று ஒளிக்காமல் எழுதுங்கள். மன நிம்மதி, வரிச்சலுகை, சொந்தக்காரர்கள் மத்தியில் மதிப்பு, தொழிலுக்கு நல்ல பெயர், செய்த ஒரு தப்புக்குப் பரிகாரம் செய்த உணர்வு, கேட்டவரிடம் இல்லை என்று சொல்லும் சங்கடத்திலிருந்து விடுதலை. எதுவும் வராது என்று எழுதினால் நீங்கள் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990ல் இதைத் தெளிவாக விளக்கினார். ஏழைக்கு நன்மை நடந்தால் போதும், யார் கொடுத்தால் என்ன என்று எல்லோரும் நினைத்தால், அரசு நூறு கூடுதலாகக் கொடுக்கும்போது தனிநபர்கள் நூறு குறைத்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் அவ்வளவு குறைப்பதில்லை. ஏனென்றால் நன்மை நடப்பதோடு, 'நான் கொடுத்தேன்' என்ற இதமும் நமக்கு வேண்டியிருக்கிறது. பொருளாதாரத் துறையின் முன்னோடி ஆடம் ஸ்மித்தும் ஆதாயம், அக்கறை இரண்டையும் பற்றி எழுதியவர். கசாப்புக்காரரும் ரொட்டி சுடுபவரும் அவரவர் ஆதாயத்துக்காகத்தான் நமக்கு உணவு தருகிறார்கள் என்று 1776ல் அவர் எழுதியதை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் 1759ல் வந்த அவருடைய முந்தைய நூலின் தொடக்கமே வேறு: மனிதன் எவ்வளவு சுயநலக்காரனாக இருந்தாலும் பிறர் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறை அவன் இயல்பிலேயே இருக்கிறது, அதைப் பார்க்கிற சந்தோஷத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்காவிட்டாலும் கூட. இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தான். இரண்டும் ஒரே மனசில்தான் இருக்கிறது.

சரி, பட்டியல் எழுதியாயிற்று. இப்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி போடுங்கள்: இது கிடைக்காது என்று தெரிந்தால், நான் கொடுக்கப்போகும் பொருளோ ஆளோ நேரமோ மாறுமா? மன நிம்மதிக்கு எதிரே பெரும்பாலும் 'மாறாது' என்று வரும், அதை விட்டுவிடலாம். 'மாறும்' என்று எங்கே வருகிறதோ அங்கே கோடு போடுங்கள். நிதியாண்டு முடிகிற வாரத்தில் மட்டும் அவசரமாகக் கொடுக்கிறீர்களா? படம் எடுக்க முடிகிற இடமாகப் பார்த்துக் கொடுக்கிறீர்களா? உங்கள் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்பதற்காக ஒரு விடுதிக்குப் போய், ஏற்கெனவே மூன்று பேர் இனிப்பு கொடுத்துவிட்டுப் போன பிள்ளைகளுக்கு நான்காவதாக இனிப்பு கொடுக்கிறீர்களா? அங்கெல்லாம் முடிவெடுக்கிறது உங்கள் ஆதாயம்.

கொடுக்க வேண்டிய கடனை முதலில் கொடுங்கள்

சிலருக்கு இந்தப் பகுதி கசக்கும், ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்று நம்புகிறேன். தருமத்துக்கு எடுத்துவைக்கும் பணம் வேறு யாருக்காவது நியாயமாகச் சேர வேண்டியதா என்று பாருங்கள். உங்களிடம் வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் தேதி தவறாமல் போகிறதா, கூடுதல் நேரத்துக்குக் கணக்கு இருக்கிறதா, உடம்பு சரியில்லாமல் படுத்தால் சம்பளத்தைப் பிடிக்கிறீர்களா? சரக்குக் கொடுத்த சின்ன வியாபாரிக்குத் தொண்ணூறு நாள் இழுத்தடித்துவிட்டு நடுவில் அறக்கட்டளைக்குக் காசோலை எழுதினால், அந்தக் காசோலைக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது அந்த வியாபாரிதான்.

ஆண்ட்ரூ கார்னகியின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரும்பு, எஃகுத் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர், செல்வத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டே சாவது அவமானம் என்று 1889ல் பகிரங்கமாக எழுதியவர், சொன்னபடியே வாழ்நாளில் சொத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தவர். உலகம் முழுக்க இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள் அவர் பணத்தில் எழுந்தன. அதே மனிதரின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் 1892ல் நிர்வாகம் சம்பளத்தைக் குறைக்கப் பார்த்தது, ஒப்புக்கொள்ளாத தொழிலாளர்களை வெளியே வைத்து ஆலையைப் பூட்டியது, பிங்கர்டன் நிறுவனத்தின் அடியாட்கள் முந்நூறு பேரைப் படகில் கொண்டுவந்து இறக்கியது. துப்பாக்கிச் சண்டையில் இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார், ஆலையை நடத்தியது ஹென்றி ஃப்ரிக். தொழிற்சங்கம் நொறுங்கியது.

அந்த நூலகங்களில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எனக்கு உறுத்துவது கார்னகி அதே 1889 கட்டுரையில் சொன்ன ஒரு காரணம். இந்தப் பணத்தைச் சின்னச் சின்னத் தொகையாக மக்களிடம் பிரித்துக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் வீணாகத்தான் போயிருக்கும், விவரம் தெரிந்த ஒருவர் கையில் மொத்தமாக இருந்து ஊருக்குப் பயன்படுவதே மேல் என்று அவர் வாதாடினார். பிரித்துக் கொடுப்பதற்கு இன்னொரு பெயர் சம்பளம். சம்பளமாகப் போயிருந்தால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை என்ன செய்வது என்று தாங்களே முடிவு செய்திருக்கும், ஒருவர் மருந்து வாங்கியிருப்பார், ஒருவர் வீட்டுக்குக் கூரை போட்டிருப்பார், ஒருவர் புத்தகமே வாங்கியிருப்பார். கொடையாக மாறியபோது முடிவு ஒரே ஆளிடம் போய்விட்டது. சிறிய அளவில் நாமும் இதையே செய்கிறோம், வீட்டு வேலைக்கு வருபவருக்குச் சம்பளம் கூட்டச் சொன்னால் தயங்குவோம், பண்டிகைக்குப் புடவை என்றால் தாராளமாக எடுத்துக்கொடுப்போம், ஏனென்றால் புடவைக்கு நன்றி கிடைக்கும், சம்பளத்துக்குக் கிடைக்காது. ஆகவே, கொடை பட்டியலைத் தொடுவதற்கு முன் கடன் பட்டியலை முடியுங்கள்.

வரிச்சலுகை அடுத்தவர் பணம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு 1917லிருந்து இருக்கிறது, இன்று பல நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. உங்கள் வரி விகிதம் 30 சதவீதம், நன்கொடை முழுவதும் கழிவுக்கு வருகிறது என்றால், நீங்கள் கொடுக்கும் நூறில் முப்பது அரசுக்குப் போயிருக்க வேண்டிய பணம். அதாவது பொதுப்பணத்தில் முப்பதை எங்கே செலவழிப்பது என்று நீங்கள் தனியாக முடிவு செய்கிறீர்கள். சலுகையை வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை, ஆனால் மிச்சமான அந்த முப்பதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். பெரிய பணம் உள்ளவர்களுக்கு இன்னொன்று: அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுக்குச் சொத்தில் சுமார் 5 சதவீதம் செலவழித்தே ஆக வேண்டும், ஆனால் கொடையாளர் ஆலோசனை நிதி என்ற ஏற்பாட்டில் (பணத்தை ஓர் அமைப்பிடம் உங்கள் பெயரிலான கணக்கில் போட்டுவைத்து, யாருக்குப் போக வேண்டும் என்று பிற்பாடு யோசனை சொல்வது) ஒவ்வொரு கணக்கிலிருந்தும் இவ்வளவு, இந்தத் தேதிக்குள் வெளியே போக வேண்டும் என்று கட்டாயமில்லை. வரிக்கழிவு இன்றைக்கே வந்துவிடும், பணம் ஏழையிடம் போக வருஷங்கள் ஆகலாம். இப்படிக் கிடங்கில் வைக்கும் ஏற்பாட்டில் சேர்ந்தால், எந்தத் தேதிக்குள் முழுவதும் வெளியே போக வேண்டும் என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

"வாங்கினால் கொடுப்போம்" என்று ஒரு நிறுவனம் சொன்னால்

1983ல் கடன் அட்டை நிறுவனமான அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஓர் அறிவிப்பு செய்தது: எங்கள் அட்டையை ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் சுதந்திர தேவி சிலையைப் புதுப்பிக்க ஒரு சென்ட் கொடுப்போம், புதிதாக அட்டை வாங்கினால் ஒரு டாலர். சுமார் 17 லட்சம் டாலர் சேர்ந்தது. அட்டைப் பயன்பாடு கால் பங்குக்கு மேல் கூடியது, விளம்பரத்துக்கு அந்த நன்கொடையைவிட அதிகமாகச் செலவழித்திருந்தார்கள். சிலை புதுப்பிக்கப்பட்டது உண்மை, நிறுவனம் லாபம் பார்த்ததும் உண்மை. இன்று கடையில் எந்தப் பொட்டலத்தைத் திருப்பினாலும் ஏதாவது ஒரு நல்ல காரியத்தின் பெயர் இருப்பதற்கு அது ஒரு முக்கியமான தொடக்கம். இன்னும் மோசமான உதாரணமும் உண்டு: சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ் 1999ல் சுமார் 7.5 கோடி டாலரைத் தொண்டுகளுக்குக் கொடுத்தது, கொடுத்ததை ஊருக்குச் சொல்லும் விளம்பரத்துக்குச் சுமார் 10 கோடி டாலர் செலவழித்தது.

ஆகவே பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். ஒரு பொருளுக்கு எவ்வளவு என்று எண்ணாகப் போட்டிருக்கிறதா, 'வருமானத்தில் ஒரு பகுதி' என்று மழுப்பியிருக்கிறதா? அதிகபட்சம் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டா, உண்டென்றால் அது எப்போதோ எட்டப்பட்டு நீங்கள் வாங்கும் பொருளால் ஒரு காசும் கூடாமல் இருக்கலாம். பணம் எந்த அமைப்புக்குப் போகிறது என்று பெயர் இருக்கிறதா? அப்புறம், அது சட்டப்படி செய்ய வேண்டிய செலவா என்றும் பாருங்கள். இந்தியாவில் 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ சொத்தோ விற்பனையோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். கடமையைத் தாராளம் என்று சொல்லி விற்கிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும். உங்களுக்கு அந்தப் பொருள் தேவையென்றால் வாங்குங்கள். தேவையில்லையென்றால் அதன் விலையை நேராக அந்த அமைப்புக்கே அனுப்புங்கள், நிறுவனம் கொடுக்கப்போவதைவிடப் பல மடங்கு போய்ச்சேரும்.

நிறுவனத்தின் ஆதாயம் நல்லபடியாகவும் நடந்துகொள்ள முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2006ல் தொடங்கிய டாம்ஸ் என்ற காலணி நிறுவனம், ஒரு ஜோடி விற்றால் ஒரு ஜோடி ஏழைக் குழந்தைக்கு இலவசம் என்று சொல்லியே வளர்ந்தது. பிற்பாடு எல் சால்வடாரில் புரூஸ் வைடிக் என்ற பொருளாதார அறிஞரின் குழு அதை ஆராய்ந்தபோது, இலவசக் காலணியால் பிள்ளைகளின் வாழ்க்கையில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகளிடம் ஏற்கெனவே காலணி இருந்தது. அந்த ஆய்வுக்கு டாம்ஸே ஒத்துழைத்தது, சில வருஷங்களில் தன் முறையையும் மாற்றிக்கொண்டது. விற்பனைக்கு ஆதாரமான ஒரு வாக்கியத்தைச் சோதிக்க வெளியாளை உள்ளே விட்ட துணிச்சலை நான் மதிக்கிறேன். எந்த நிறுவனத்திடமும் அமைப்பிடமும் நீங்கள் கேட்க வேண்டியதும் இதுதான்: பயன் தருகிறதா என்று வெளியாள் யாராவது பார்த்திருக்கிறார்களா, பார்த்த பிறகு நீங்கள் எதை மாற்றினீர்கள்?

பணமாகக் கொடுங்கள், கையைக் கட்டாமல் கொடுங்கள்

கார்னகியின் அந்தப் பயம் நமக்கும் உண்டு, பணமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்று. டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல நாடுகளில் ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்கமாகக் கொடுத்த திட்டங்களின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை, சில இடங்களில் குறைந்திருந்தது. பழைய துணி மூட்டையைவிடப் பணம் பெரும்பாலும் மேல். பேரிடர் நடந்த பல இடங்களில் துணி மூட்டைகளைப் பிரிக்கவே ஆட்கள் தேவைப்படுகிறார்கள், அதில் உடுத்த முடியாதவை வழியோரத்தில் மலையாகக் கிடக்கின்றன. அலமாரி காலியானது நமக்கு ஆதாயம், மூட்டை சுமந்தது அவர்களுக்கு வேலை.

அமைப்புகளுக்குக் கொடுக்கும்போது 'நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்' என்று மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு எண்ணுக்குப் பயந்து நாங்கள் செய்த காரியங்கள் கொஞ்சநஞ்சமில்லை. ஓட்டுநர் சம்பளத்தைத் திட்டச் செலவில் போடுவோம், மின்கட்டணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து நான்கு கொடையாளர் தலையில் கட்டுவோம், இரவுக் காவலருக்கு மட்டும் எந்தத் திட்டத்திலும் இடம் கிடைக்காமல் அவர் சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போகும். அந்த இரண்டு மாதமும் அவர் ஒருநாள் கூட வராமல் இருந்ததில்லை. சம்பளப் பதிவேட்டை நான் அவரிடம் நீட்ட முடியாமல் உள்ளே வைத்துப் பூட்டிய நாட்கள் இன்னும் நினைவிருக்கிறது. எந்தத் தொண்டும் ஆட்களால் நடக்கிறது, ஆட்களுக்குச் சம்பளம் வேண்டும், விளக்கு எரிய வேண்டும், ஃபில்டர் மாற்ற வேண்டும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அமைப்பை விசாரித்து நம்பிக்கை வந்த பிறகு, "இதில்தான் செலவழிக்க வேண்டும்" என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். 2020 முதல், அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் முன்னாள் மனைவி மெக்கென்சி ஸ்காட் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் இப்படித்தான் கொடுத்திருக்கிறார், பெரும்பாலும் நிபந்தனை இல்லாமல். அவரளவு பணம் தேவையில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பெரிய தொகையைவிட, மாதாமாதம் தானாகப் போகிற சின்னத் தொகை அமைப்புக்கு அதிகம் உதவும், அதை நம்பி ஓர் ஆளை வேலைக்கு வைக்கலாம். தொகையோடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: யாரும் பணம் கொடுக்காத செலவு எதுவோ அதற்கு இதைப் பயன்படுத்துங்கள். எங்கள் அலுவலகத்துக்கு ஆறு வருஷத்தில் இரண்டு பேர் இப்படி எழுதினார்கள். ஃபில்டர் மாறியது அதில் ஒருவர் பணத்தில்தான்.

வாங்குபவரை விளம்பரப் பலகை ஆக்காதீர்கள்

ஒருமுறை பள்ளிப் பைகள் வந்தன. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் கொடையாளர் கையிலிருந்து வாங்க வேண்டும், படம் எடுப்பவர் சொல்லும்போது சிரிக்க வேண்டும். எட்டு வயதுப் பெண் ஒருத்திக்குச் சிரிப்பு வரவில்லை. பையைத் திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்து, மறுபடி எடுத்தார்கள். மூன்றாவது முறை அவள் பையைப் பிடிக்காமல் கையைக் கீழே விட்டுவிட்டாள். நானும் அங்கே நின்று "சிரிம்மா" என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

படம் வேண்டுமென்றால் பொருளைப் படம் எடுங்கள், கட்டடத்தை எடுங்கள், பெரியவர்களிடம் கேட்டு அவர்கள் மனதார ஒப்புக்கொண்டால் எடுங்கள். மாட்டேன் என்று சொன்னாலும் பொருள் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது தெரியாமல் வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை. உங்கள் பெயர் வெளியே வரலாமா என்று கேட்டால், எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் கிடையாது. ஒருவர் கொடுத்தது தெரிந்து இன்னும் நாலு பேர் கொடுப்பது நடக்கிறது. பெயரைப் போடுங்கள், வாங்கியவர் முகத்தைப் போடாதீர்கள். இன்னொன்று, குறை சொல்ல ஒரு வழி வையுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்கியவர் பொருள் சரியில்லை என்று சண்டை போடலாம், இலவசமாக வாங்கியவர் வாயைத் திறக்க முடியாது. அமைப்பிடம் கேளுங்கள்: உங்களிடம் உதவி பெறுபவர் புகார் சொன்னால் அது யார் காதுக்குப் போகிறது? கடைசியாக வந்த புகார் என்ன? 'புகாரே வந்ததில்லை' என்று பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் பொறுத்துக் கொடுங்கள்.

ஒரு பங்கை உங்களுக்கு ஆதாயமில்லாத இடத்துக்கு ஒதுக்குங்கள்

தனியார் கொடையால் பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. 1913ல் தொடங்கிய ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆய்வுக்கூடத்தில்தான் மாக்ஸ் தைலர் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கண்டுபிடித்தார், அதற்காக 1951ல் நோபல் பரிசு பெற்றார். எண்ணெய்த் தொழிலில் வந்த பணம், அதன் பின்னால் பெயரைக் காப்பாற்றும் நோக்கமும் கலந்திருக்கலாம், ஆனால் ஊசி போட்டுக்கொண்டவருக்கு நோய் வரவில்லை. ஆனால் ஊசியைக் கோடிக்கணக்கானவர்களுக்கு, கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒவ்வொரு வருஷமும் போட யாருடைய நல்ல மனசையும் நம்பியிருக்க முடியாது. அதற்கு வரிப்பணம் வேண்டும், சட்டம் வேண்டும், 'இது என் உரிமை' என்று கேட்கும் ஆட்கள் வேண்டும்.

அந்தக் கேட்கும் ஆட்களுக்கு நன்கொடை குறைவாகவே வருகிறது. சம்பள பாக்கிக்கு இலவசமாக வழக்கு நடத்தும் வக்கீல்கள், வாடகைக்குக் குடியிருப்போர் சங்கங்கள், பொது மருத்துவமனையில் மருந்து இருப்பைக் கண்காணிக்கும் குழுக்கள். இவர்கள் ஜெயித்தால் உங்கள் வரி கூடலாம், உங்கள் தொழிலில் கூலி கூடலாம். நன்றி சொல்லி ஒருவரும் வரமாட்டார்கள், வரிச்சலுகை கூடக் கிடைக்காமல் போகலாம். நீங்கள் எழுதிய அந்தப் பட்டியலில் ஒன்று கூடத் தேறாத இடம் இது. கொடுக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்காவது இங்கே போகட்டும். நான் மூன்று வருஷமாக அப்படித்தான் செய்கிறேன், முதல் இரண்டு தடவையும் அனுப்பும் முன் கை தயங்கியது.

எப்போதாவது நிறுத்த வேண்டிவரும், வேலை போகும், வீட்டில் செலவு வரும். அப்போது சொல்லாமல் நிறுத்தாதீர்கள். மூன்று மாதம் முன்னதாக அமைப்புக்கு எழுதுங்கள், எந்த மாதத்திலிருந்து வராது என்று தேதியோடு. சங்கடமாக இருக்கிறது என்று பலர் இதைச் செய்வதில்லை, வங்கிக் கணக்கில் பணம் வராததைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்வோம், அதற்குள் அந்தப் பணத்தை நம்பி ஒருவருக்கு வேலை கொடுத்திருப்போம்.